டார்க் அளவு சரியாக இருந்தும் ரோட்டரி ஃபைல் உடைந்தது ஏன்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.டி.எஸ். முடித்து மூன்று ஆண்டுகளாகச் சொந்தமாகச் சிகிச்சையகம் நடத்திவரும் ஓர் இளம் பல் மருத்துவர், கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது, முன்வேரின் கன்னப்பக்கக் கால்வாயில் 25ஆம் எண், 6 சதவீத டேப்பர் (நுனியிலிருந்து மி.மீ.க்கு 0.06 மி.மீ. வீதம் தடிப்பது) உள்ள நிக்கல் டைட்டானியம் ரோட்டரி ஃபைலின், அதாவது கால்வாயைக் குடைந்து சுத்தம் செய்யும் சுழல்கம்பியின், நுனி ஏறத்தாழ 3 மி.மீ. அளவுக்கு உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. தயாரிப்பாளர் சொன்னபடி ஃபைலைச் சுழற்றும் எண்டோ மோட்டாரில் நிமிடத்துக்கு 300 சுற்றும் 2 நியூட்டன் சென்டிமீட்டர் டார்க்கும் (முறுக்கு விசையின் உச்ச வரம்பு) வைத்திருந்ததாகவும், மோட்டார் ஒருமுறைகூடத் தானாகப் பின்சுழலவில்லை என்றும், அந்த ஃபைலுக்கு அது நான்காவது பல் என்றும், உள்ளே விடுவதற்கு முன் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஃபைல் தரமற்றதாக இருக்குமா, டார்க்கை இன்னும் குறைத்திருக்க வேண்டுமா, துண்டை எடுத்தே ஆக வேண்டுமா, நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்.

அன்புடைய மருத்துவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், மோட்டார் பின்சுழலவில்லை என்ற வரி. ஃபைலின் தரத்தின் மேல் வந்த ஐயத்துக்கு ஆதாரமாக நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அது உடைவின் வகையையே காட்டிக்கொடுக்கும் வரியாகத் தெரிகிறது. மோட்டாரிலுள்ள டார்க் கட்டுப்பாடு, வைத்த அளவை முறுக்கு எட்டியதும் மோட்டாரைப் பின்சுழலச் செய்து, முறுக்கு மிகுந்து வரும் உடைவைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. வளைந்த கால்வாயில் சுற்றிச் சுற்றி உலோகம் சோர்ந்துபோய் வரும் உடைவை அது அறியவே அறியாது. டார்க்கை நீங்கள் பாதியாகக் குறைத்திருந்தாலும் இந்த ஃபைல் பெரும்பாலும் இதே இடத்தில்தான், சில சுற்றுகள் முன்பின்னாக, உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கல்லூரிகளில் இந்த இரண்டு உடைவுகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு; ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முறுக்குடைவில், ஃபைலின் நுனி கால்வாய்ச் சுவரான டென்டினைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மோட்டாரோ தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நுனிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள உலோகம் முறுக்கேறி, மீள முடியாத எல்லையைத் தாண்டி, அறுந்துபோகிறது. சோர்வுடைவில் நுனி எங்கும் சிக்குவதில்லை. ஃபைல் தாராளமாகச் சுற்றுகிறது, நன்றாக வெட்டுகிறது, கைக்கு எந்தத் தடையும் தெரிவதில்லை. வளைவின் கூர்மையான இடத்தில் இருக்கும் உலோகம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டும் நசுங்கியும் விரிசல் விட்டுக்கொண்டே வருகிறது. உடையும் நொடியிலும் டார்க் ஏறுவதில்லை என்பதால் மோட்டார் எச்சரிக்காது.

கைப்பிடியோடு மிஞ்சிய பாதியைத் தூக்கி எறியவில்லை என்றால், லூப் (உருப்பெருக்குக் கண்ணாடி) அல்லது மைக்ரோஸ்கோப் வழியாக இப்போதே பாருங்கள். உடைவுக்குச் சற்று மேலே புரிகள் அவிழ்ந்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விரிந்து, சில இடங்களில் எதிர்த்திசையில் திரும்பிக்கூட இருந்தால் அது முறுக்குடைவு. புரிகள் கடையில் வாங்கியபோது இருந்த ஒழுங்கிலேயே கடைசிவரை வந்து, குறுக்கே நறுக்கியதைப் போலத் தட்டையாக முடிந்தால் அது சோர்வுடைவு. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் இன்னும் தெளிவாகப் பிரியும்: முறுக்குடைந்த முகத்தில் மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாக உராய்வுக் கீறல்கள் இருக்கும், சோர்வுடைந்த முகத்தில் ஓர் ஓரத்தில் விரிசல் பிறந்த இடமும், அங்கிருந்து அது அடியடியாக முன்னேறிய நுண்வரிகளும் இருக்கும். உள்ளே விடுமுன் குறை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மையாகவே இருக்கும். சோர்வுக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் கிடையாது. புரி அவிழ்ந்த ஃபைலை நாம் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறோம். பாதி ஆயுள் தீர்ந்த ஃபைல் புதியதைப் போலவே தட்டில் இருக்கிறது.

கட்டடத் தொழிலாளர் கட்டுக்கம்பியை அறுக்கக் குறடு தேடுவதில்லை. ஓரிடத்தில் பிடித்து முன்னும் பின்னும் நாலைந்து முறை மடக்குவார், கம்பி கையோடு வந்துவிடும். வளைந்த கால்வாயில் சுற்றும் ஃபைலுக்கு நடப்பதும் அதுதான். வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கும் இழை இழுபடுகிறது, உட்பக்கத்தில் இருக்கும் இழை நசுங்குகிறது. அரைச் சுற்று சுற்றியதும் வெளியே இருந்தது உள்ளே வந்து நசுங்குகிறது, உள்ளே இருந்தது வெளியே போய் இழுபடுகிறது. ஆக ஒவ்வொரு முழுச் சுற்றும் ஒரு முழு மடக்கல். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 5 மடக்கல்.

எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வளைந்த தண்டின் மேற்பரப்பில் ஏற்படும் நீட்சி, ஏறத்தாழ, அந்த இடத்தில் அதன் விட்டத்தை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் ஃபைல் நுனியில் 0.25 மி.மீ.; 6 சதவீத டேப்பர் என்பதால் நுனியிலிருந்து 5 மி.மீ. தள்ளி 0.55 மி.மீ. அங்கே வளைவின் ஆரம் 5 மி.மீ. என்றால் நீட்சி 5.5 சதவீதம். அதே 25ஆம் எண்ணில் 4 சதவீத டேப்பர் ஃபைலாக இருந்தால் அதே இடத்தில் விட்டம் 0.45 மி.மீ., நீட்சி 4.5 சதவீதம். ஆரம் 5இலிருந்து 2 மி.மீ.க்குச் சுருங்கினால் இந்த எண்கள் இரண்டரை மடங்காகிவிடும். அந்த நிலையில் உலோகம் தாங்குவது மிகச் சில சுற்றுகளே. கணக்கு எளிமைப்படுத்தப்பட்டதுதான், புரி வெட்டப்பட்ட குறுக்கு வடிவம் அதைச் சற்று மாற்றும். ஆனால் எந்த ஃபைலை எங்கே விடலாம் என்று முடிவெடுக்க இது போதும்.

இதற்கு நேர் எதிரான கணக்கு முறுக்குக்கு உண்டு. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏறக்குறைய ஏற்பக் கூடுகிறது. விட்டம் இரட்டித்தால் தாங்கும் முறுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆகவே தடித்த ஃபைல் முறுக்கில் வலியது, வளைவில் எளியது. மெல்லிய ஃபைல் வளைவில் நீடிக்கும், நுனி சிக்கினால் அறுந்துவிடும். ஒரே ஃபைலிலேயே நுனி தாங்கும் முறுக்கு வேறு, நடுத்தண்டு தாங்கும் முறுக்கு வேறு. பன்னாட்டுத் தர அளவீட்டில் ஃபைலின் நுனி 3 மி.மீ.யைப் பிடித்து நிறுத்தித்தான் முறுக்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் மோட்டாரில் வைக்கும் ஒற்றை எண் இத்தனை வேறுபாட்டுக்கும் பொதுவாகப் போடப்பட்ட ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் கையிலுள்ள உலோகத்தின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம அணு எண்ணிக்கையில், அதாவது எடையில் 55, 56 சதவீத நிக்கலாகச் சேர்ந்த இந்தக் கலவை, அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணை முனைகளுக்கு ஏற்ற உலோகம் தேடியபோது கிடைத்தது. நிட்டினால் என்ற பெயரின் பின்பாதி அந்த ஆய்வகத்தின் பெயரெழுத்துகள். பற்களை ஒழுங்குபடுத்தும் கம்பியாகப் பல் மருத்துவத்துக்குள் வந்து, 1988இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டைன் மூவரும் அந்தக் கம்பியிலிருந்தே 15ஆம் எண் ஃபைலைக் கடைந்து சோதித்தபோது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபைலைவிட இரண்டு மூன்று மடங்கு மீள்வளைவு அதற்கு இருந்தது. ஸ்டீல் ஒரு சதவீத நீட்சியைக்கூட மீளத் தாங்காது. நிக்கல் டைட்டானியம் ஏறத்தாழ 8 சதவீதம் வரை நீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அழுத்தம் ஏறும்போது ஆஸ்டினைட் என்ற அணு ஒழுங்கு மார்ட்டென்சைட் என்ற ஒழுங்குக்கு மாறி, அழுத்தம் விலகியதும் திரும்பிவிடுவதே அதன் இரகசியம். இந்த மீள்திறனை நாம் சோர்வின்மை என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம். வடிவம் திரும்புகிறது என்பதனால் சேதம் திரும்பிவிட்டது என்று பொருளாகாது. ஸ்டீல் ஃபைல் வளைவில் சிரமப்பட்டதைத் தன் உருவக் கோணலால் சொல்லிவிடும்; மீள்திறனே பெருமையாகக் கொண்ட பழைய வகை நிக்கல் டைட்டானியம் ஃபைல் எதையும் சொல்லாமல் நேராக நிமிர்ந்து நிற்கும்.

தரக்குறைவு பற்றிய உங்கள் ஐயத்தை நான் முற்றாக ஒதுக்கவில்லை. கம்பியைக் கடைந்து புரி எடுக்கும்போது மேற்பரப்பில் நுண்ணிய வரிவரியான கீறல்கள் விழுகின்றன. விரிசல் பிறப்பது பெரும்பாலும் அவற்றிலிருந்துதான். மின்வேதி முறையில் மெருகேற்றுவது அதைத் தணிப்பதற்காகவே. முதல் முறையிலேயே உடையும் ஃபைல்களும் உண்டு. ஆனால் நான்காவது பல்லில், வளைந்த முன்வேரில், மோட்டார் சலனமின்றி இருக்க உடைந்த ஒன்றுக்கு நான் முதலில் தேடும் விளக்கம் சேர்ந்துபோன சுற்றுகளே.

அந்தச் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கால்வாயில் ஒருமுறை இறக்கி எடுக்க வளைவுக்குள் 8 நொடி, அப்படி மூன்று முறை என்றால் 24 நொடி, 120 சுற்று. கடைவாய்ப் பல் ஒன்றுக்கு மூன்று கால்வாய். பின்வேரின் கால்வாய் பெரும்பாலும் நேராகப் போகும் என்பதால் அதை விட்டுவிட்டாலும், முன்வேரின் இரண்டு கால்வாய்களில் 240 சுற்று. நான்கு பற்களுக்கு 960. கூர்மையான வளைவு கொண்ட செயற்கைக் கால்வாயில் வெப்பப் பதப்படுத்தாத இந்த அளவு ஃபைல்கள் சில நூறு சுற்றுகளிலேயே உடைவதை ஆய்வகத்தில் காண்கிறோம். உங்கள் நான்கு பற்களின் வளைவுகளும் அவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது என்பது உண்மை. ஆயினும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு “எந்தத் தவறும் செய்யாமலே உடைந்தது” என்ற வியப்பு எனக்கு எழுவதில்லை.

1997இல் புரூயட்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பொருளில் இன்றும் அடிப்படை. கால்வாயின் வளைவுக் கோணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வழக்கத்துக்கு மாறாக, வளைவின் ஆரத்தையும் தனியே அளந்தார்கள். கோணம் ஒன்றாகவே இருக்க, ஆரம் 5 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குக் குறைந்தபோது ஃபைல் தாங்கிய சுற்று எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. வேகத்தை மாற்றியபோதோ சுற்று எண்ணிக்கை மாறவில்லை. வேகம் இரட்டித்தால் அதே சுற்றுகள் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பது மட்டுமே வேறுபாடு. நாம் எக்ஸ்ரேயைப் பார்த்து “முப்பத்தைந்து டிகிரி வளைவு” என்று குறித்துக்கொள்கிறோம். மெதுவாக வளைந்து செல்லும் முப்பத்தைந்தும், நுனிக்குச் சற்று முன் சட்டென்று மடங்கும் முப்பத்தைந்தும் ஃபைலுக்கு ஒன்றல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீழ்க்கடைவாய்ப் பல்லின் முன்வேர்க் கால்வாய்கள் நமக்குத் தெரியும் பின்நோக்கிய வளைவோடு, கன்னம்–நாக்கு வாக்கிலும் வளைகின்றன. எக்ஸ்ரே எடுக்கும் திசையிலேயே அந்த வளைவு இருப்பதால் படத்தில் அது விழுவதே இல்லை.

எந்த உடைவு மிகுதி என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வில், பயன்படுத்தி ஒதுக்கிய 378 ஃபைல்களைப் பார்த்தபோது, உடைந்தவற்றில் 55.7 சதவீதம் முறுக்காலும் 44.3 சதவீதம் வளைவுச் சோர்வாலும் உடைந்திருந்தன. 2004இல் பராஷோஸ், கோர்டன், மெஸ்ஸர் மூவரும் நான்கு நாடுகளின் 14 வேர் சிகிச்சை வல்லுநர்களிடமிருந்து 7,159 ஃபைல்களைத் திரட்டிப் பார்த்தபோது, 5 சதவீதம் உடைந்திருந்தன, அதில் 3.5 வளைவாலும் 1.5 முறுக்காலும். ஃபைலின் வடிவமும் பயன்படுத்துபவரின் கையும் வேறுபடும்போது விகிதமும் வேறுபடுகிறது. பல் மருத்துவக் கல்லூரிச் சூழலில், 2006இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தொகுப்பில், கால்வாயின் நுனி மூன்றிலொரு பங்கில் ஃபைல் உடையும் வாய்ப்பு மேல் மூன்றிலொரு பங்கைப்போல் 33 மடங்கு இருந்தது. அங்கேதான் வளைவும் கூர்மை, கால்வாயும் குறுகல். இரண்டு ஆபத்துகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. நடைமுறையில் இரண்டும் தனித்தனியே வருவதும் அரிது: சோர்ந்து விரிசல் விட்ட ஃபைலுக்கு மீதியுள்ள உலோகம் குறைவு, ஆகவே சாதாரண முறுக்கே அதை முடித்துவிடும்.

இப்போது எல்லோரும் வாங்கும் வெப்பப் பதப்படுத்திய ஃபைல்கள் இந்தச் சிக்கலைப் பெரிதும் தணித்திருக்கின்றன. 2007இல் எம்-ஒயர் வந்ததிலிருந்து, தங்கநிறம், நீலநிறம், வளைத்தால் வளைந்தே நிற்கும் வகை என்று பலவும் வந்துவிட்டன. வாய்க்குள் இருக்கும் வெப்பநிலையிலும் உலோகத்தின் ஒரு பகுதியாவது மார்ட்டென்சைட்டாகவே இருக்கும்படி இவற்றைச் செய்கிறார்கள். அந்த ஒழுங்கில் விரிசல் மெதுவாகவே ஓடும். ஆனால் விளம்பரத் தாளில் உள்ள ஆயுள் எண்களில் பல, ஆய்வகத்தின் அறை வெப்பத்தில் எடுத்தவை. உடல் வெப்பத்துக்கு அருகில் அதே சோதனையைச் செய்தபோது ஆயுள் குறைவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. சில வகை ஃபைல்களை ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தால் வளைவு நீங்கி நேராகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ஃபைல் புதுப்பிறவி எடுத்துவிட்டதாகச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். உருவம்தான் மீள்கிறது, பிறந்துவிட்ட விரிசலை 121 டிகிரி நீராவி ஒட்டவைப்பதில்லை.

எத்தனை பல்லுக்கு ஒரு ஃபைல் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 2007இல் அரசின் சுகாதாரத் துறையே, மூளைநோய் உண்டாக்கும் பிரையான் புரதம் பரவும் அச்சத்தால், வேர் சிகிச்சை ஃபைல்களை ஒரே நோயாளிக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சிகிச்சையகங்களில் ஒரு பெட்டி ஃபைலின் விலையையும் ஒரு வேர் சிகிச்சைக்கு நோயாளி தரக்கூடிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏன் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பல்லை எண்ணுவது தவறான எண்ணிக்கை. நான்கு முன்பற்களைச் செய்த ஃபைலும், மேல் கடைவாய்ப் பல்லின் வளைந்த ஒரு கால்வாயை மட்டும் செய்த ஃபைலும் ஒரே அளவு ஆயுளை இழந்திருக்காது. இரண்டாவதே மிகுதியாக இழந்திருக்கும். என் சிகிச்சையகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: கூர்மையான வளைவுக்குள் போன ஃபைல் அந்தப் பல்லோடு முடிந்தது, எவ்வளவு புதியதாகத் தெரிந்தாலும் சரி. நேரான கால்வாய்களில் மட்டும் போனதற்குத் தனிப்பெட்டி, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் குறி, குறி தவறினால் குப்பை. உதவியாளரிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்தபின் அவர் என்னைவிடக் கண்டிப்பாக நடத்துகிறார்.

இனி, செய்முறையில். ஃபைல் வேரின் வளைவுக்கு வருமுன்னரே கால்வாயின் வாயில் ஒருமுறை வளைந்துவிட்டால், இரண்டு வளைவுகளின் சுமையை அது ஏந்துகிறது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் முன்சுவரிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் டென்டின் மேடு அதைத்தான் செய்கிறது. மேட்டை எடுத்துவிட்டு, 10ஆம் எண் கே ஃபைல் என்ற மெல்லிய கைஃபைலை விட்டுப் பாருங்கள். அதன் கைப்பிடி சாய்ந்து நின்றால் உள்ளே இன்னும் தடை இருக்கிறது, நிமிர்ந்து நின்றால் வழி சரி. அதன்பின் 15ஆம் எண் ஃபைல் வேலை நீளம் வரை, அதாவது வேர்நுனியருகே நாம் நிறுத்தும் அளவு வரை, தளர்ந்து போய்வரும்படி பாதையைச் செய்துகொண்டால் ரோட்டரியின் நுனிக்குச் சிக்க இடமிருக்காது. இது முறுக்குக்கான காப்பு. சோர்வுக்கான காப்பு நேரத்தில் இருக்கிறது. சுற்றும் ஃபைலை ஒரே ஆழத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. நிறுத்தினால் அத்தனை மடக்கலும் ஒரே குறுக்குவெட்டின் மேல் விழுகிறது. மெல்ல இறக்கி, ஏற்றி, வேலை நீளத்தைத் தொட்டவுடன் வெளியே எடுத்து, துடைத்து, கால்வாயை ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கழுவுநீரால் நிறைத்து, பிறகே மறுபடி. எக்ஸ்ரே கூர்மையான வளைவைக் காட்டினால் 4 சதவீத டேப்பரோடு நின்றுவிடுங்கள். முன்னும் பின்னுமாக மாறிச் சுழலும் வகை ஃபைல்கள், 2008இல் காஸன் யாரெட் வெளியிட்ட யோசனையிலிருந்து 2011இல் சந்தைக்கு வந்தவை, இந்த இரண்டு சுமைகளையுமே குறைக்கின்றன. வெட்டும் திசையில் 150 டிகிரி போய் எதிர்த்திசையில் 30 டிகிரி திரும்புவதால் நுனி சிக்கினாலும் முறுக்கு எல்லைக்குப் போவதற்குள் விடுபட்டுவிடுகிறது, அதே நேர அளவில் முழுச் சுற்றுகளும் குறைவு.

இனி உங்கள் நோயாளியின் பல்லுக்கு வருவோம். துண்டை எடுத்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் அடுத்த முறையே அல்ட்ராசோனிக் டிப்பைக் கையில் எடுக்காதீர்கள். 3 மி.மீ. துண்டு, நுனிப் பகுதியில், வளைவைத் தாண்டியோ வளைவுக்குள்ளோ இருக்கிறது. அங்கே நேர்ப்பார்வை கிடைக்காது. பார்வைக்காக டென்டினை எடுத்துக்கொண்டே போனால், முன்வேரில் இரண்டு வேர்களுக்கும் இடையே நோக்கிய சுவர் மிக மெல்லியது. துண்டை எடுத்துவிட்டு வேரைத் துளைத்துவிடுவோம், அல்லது சில ஆண்டுகளில் வேர் விரிசல் விடும். நிக்கல் டைட்டானியம் துண்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அல்ட்ராசோனிக் அதிர்வில் அது மேலும் உடையும். தளர்ந்த துண்டு சட்டென்று எகிறிப் பக்கத்துக் கால்வாயில் போய் விழும். எடுக்க முயலும் எந்தப் பல்லிலும் மற்றக் கால்வாய்களின் வாய்களைப் பஞ்சால் அடைத்துவிட்டுத் தொடங்குவது அதனால்தான். கால்வாயின் மேற்பகுதியில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உடைந்திருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

நான் முதலில் செய்வது, துண்டின் பக்கவாட்டில் நுழைந்து கடக்கப் பார்ப்பது. ரோட்டரி ஃபைல் வட்டமாக வெட்டும், கால்வாயோ முட்டை வடிவில் நீண்டிருக்கும். ஆகவே பல நேரம் ஓர் ஓரத்தில் இடுக்கு இருக்கும். 8ஆம் எண் கே ஃபைலின் நுனி ஒரு மி.மீ.யைக் கூர்மையாக வளைத்து, கால்வாய்ச் சுவரை இளக்கும் ஈடிடிஏ இட்டு, கடிகார முள்ளைச் சற்றே முன்பின் அசைப்பது போல அசைத்து, சுவரைச் சுற்றித் தேடுங்கள். எங்காவது ஓரிடத்தில் ஃபைலைப் பிடித்துக்கொள்ளும் உணர்வு கிடைத்தால் அதை விடாதீர்கள். அந்தத் திசையைக் குறித்துக்கொண்டு மெல்ல முன்னேறலாம். கடந்துவிட்டால் கைஃபைலாலேயே வேலையை முடியுங்கள். அந்தக் கால்வாயில் மறுபடி ரோட்டரி வேண்டாம். அரைமணி நேரம் பொறுமையாகத் தேடியும் வழி கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். முன்வேரின் இரண்டு கால்வாய்களும் பல பேருக்கு நுனிக்கு அருகே சேர்ந்துவிடுகின்றன. சேராதபோதும் இடையே இணைப்புகள் இருக்கும். நாக்குப்பக்கக் கால்வாயை நன்றாகச் சுத்தம் செய்து, இரண்டிலும் கழுவுநீரை அதிர்வூட்டிக் கொடுத்து, இந்தக் கால்வாயைத் துண்டின் மட்டம் வரை நிரப்பிவிடலாம்.

அப்படி விட்டால் பல் என்னாகும் என்பதற்குப் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்பிலி, பராஷோஸ், மெஸ்ஸர் மூவரும் 8,460 வேர் சிகிச்சைகளிலிருந்து, ஃபைல் துண்டு தங்கிய பற்களையும் தங்காத ஒத்த பற்களையும் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். துண்டு தங்கியவற்றில் 91.8 சதவீதமும் தங்காதவற்றில் 94.5 சதவீதமும் ஆறியிருந்தன. வேர்நுனியில் ஏற்கெனவே எலும்பு அரிப்பு இருந்த பற்களில் இந்த எண்கள் 86.7, 92.9. உலோகம் அங்கே இருப்பது தீங்கு செய்வதில்லை. அதற்கப்பால் சுத்தம் செய்ய முடியாமல் விட்ட பகுதியில் கிருமி இருந்ததா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் உங்களிடம் நான் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்: சிகிச்சைக்கு முன் வேர்நுனியில் கரும்படலம் இருந்ததா? உடைந்தபோது நீங்கள் எந்தக் கட்டத்தில் இருந்தீர்கள்? பல்கூழ் உயிரோடு இருந்த பல்லில், கால்வாயை வேலை நீளம் வரை கழுவி முடித்துக் கடைசி ஃபைலில் உடைந்திருந்தால், நீங்கள் கவலைப்படுவதில் பாதிக்குக் காரணமில்லை. சீழ் வைத்த பல்லில், முதல் ரோட்டரியிலேயே உடைந்திருந்தால், துண்டைக் கடக்க மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் ஒரு வல்லுநரிடம் இப்போதே அனுப்புங்கள்.

நோயாளியிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை என்றால் நாளைக்கே அழைத்துச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா பழைய எக்ஸ்ரேயுடன் என்னிடம் வந்தார். வலி இல்லை, வீக்கம் இல்லை, வேர்நுனியில் எலும்பு முழுமையாக ஆறியிருந்தது. வேறு எதற்கோ எடுத்த படத்தில், ஆறு ஆண்டுக்கு முன் செய்த பல்லுக்குள் ஓர் ஊசித் துண்டு இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். “பல்லு நல்லாத்தான் இருக்கு டாக்டர், ஆனா அவங்க ஏன் எங்கிட்ட மறைச்சாங்க?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சிகிச்சை செய்தவர் நல்ல வேலைதான் செய்திருந்தார். அதைப் படத்தில் காட்டி நான் சொன்னபோதும் அவர் முகம் தெளியவில்லை.

சொல்லும்போது எளிய தமிழில் சொல்லுங்கள். “பல்லுக்குள்ள சுத்தம் செய்யற மெல்லிய கம்பியோட நுனி, வேர் வளைஞ்சிருக்கற இடத்துல உடைஞ்சு உள்ளேயே நின்னுடுச்சு. அது பல்லுக்குள்ளதான் இருக்கு, உடம்புக்குள்ள போகாது. வேரை எவ்வளவு சுத்தம் செய்ய முடியுமோ செஞ்சிருக்கேன், மறுபடியும் முயற்சி பண்ணப்போறேன். குணமாகுதான்னு படம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம்” என்று எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். உலோகம் உடம்புக்கு ஆகுமா என்று கேட்பார். இரத்தக் குழாய்களுக்குள் வைக்கும் சில ஸ்டென்ட்களும் பல் கட்டும் கம்பியும் இதே உலோகந்தான் என்று சொல்லலாம். இந்தச் சாத்தியத்தைச் சிகிச்சைக்கு முன்பே ஒரு வரியில் சொல்லிவைத்திருந்தால் இந்த உரையாடல் பாதிச் சுமையோடு முடிந்திருக்கும். இனி வரும் வளைந்த வேர்களுக்காவது அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மறுமுயற்சிக்கும் வல்லுநருக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. நான் நோயாளியிடம் அதை வாங்குவதில்லை.

கோப்பில், உடைந்த நாள், ஃபைலின் எண், டேப்பர், எத்தனையாவது பயன்பாடு, துண்டின் நீளம், எந்தக் கட்டத்தில் உடைந்தது, நோயாளியிடம் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதிவையுங்கள். ஆறு மாதத்திலும், ஓராண்டிலும், அதன்பின் ஆண்டுதோறும் நான்கு ஆண்டு வரையிலும் படம் எடுக்க அழையுங்கள். பல்லுக்கு மேலே இறுக்கமான உறை விரைவில் வைத்துவிடுங்கள்; மேலிருந்து உமிழ்நீர் கசிந்தால் கீழே செய்த எல்லா வேலையும் வீண். குழாயை இருபது டிகிரி முன்பக்கம் திருப்பி எடுத்த ஓர் எக்ஸ்ரேயும், கைப்பிடியோடு மிஞ்சிய பாதியைப் பெரிதாக்கி எடுத்த ஒரு படமும் அனுப்பினால், இரண்டு கால்வாய்களும் சேர்கின்றனவா, உடைந்தது முறுக்காலா சோர்வாலா என்பதை இதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.